ஜெனரேட்டர் பக்கத்து அறை

நாலே முக்காலுக்குத் தொடங்குவேன்.
மூன்றாம் மாடியிலிருந்து கீழ்நோக்கி,
விரல் முட்டியால் இரண்டு தட்டு,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
"சன்ரைஸ் சார், சன்ரைஸ்."
பதினோரு வருடமாகச்
சூரியனுக்கு முன்னால் போகிற கட்டியக்காரன் நான்.
சூரியன் என்னவோ
பாதி நாள் சொன்ன சொல் காப்பதில்லை.

கடல் பார்த்த அறைக்கு எண்ணூறு ரூபாய் கூடுதல்.
ஜன்னலில் கைக்குட்டை அளவு கடல்,
மீதி, எதிர் லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி.
அதற்கும் வரிசை, அதற்கும் சிபாரிசு.

மேகம் மூடிய காலைகளில்
மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்கள்
என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே,
நான்தான் எங்கோ வைத்துப் பூட்டிவிட்டுச்
சாவியைத் தொலைத்ததுபோல.
நாசிக்காரர் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
முதலாளி இரண்டு மட்டிப்பழம் கொடுத்தார்.
தின்று முடித்து முகம் மாறி,
"இது என்ன பழம்?" என்றவர்
சூரியனைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

நூற்றிநாலு வேறு ரகம்.
ஜன்னல் கிடையாது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர்.
டிரைவர்களுக்கென்று வைத்திருக்கிறோம்,
அவர்களும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள்.

ஆடிச் சாரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.
கையில் பிளாஸ்க்,
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் உறை.
"இருட்டா ஒரு ரூம் உண்டா?"
ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் என்றேன்.
"இருமல் சத்தம் கேக்குமா?"
கேட்காது.
"அப்போ அது போதும்."

பதிவேட்டில் பெயர்: மரிய செறுபுஷ்பம்.
ஊர்: கருங்கல்.
வந்த நோக்கம் என்றொரு கட்டம் உண்டு.
சுற்றுலா என்பார்கள், சாமி கும்பிட என்பார்கள்,
பலர் மேலே எழுதியதற்குக் கீழே
இரண்டு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள்.
இவர் பேனாவைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு
எழுதினார்:
உறக்கம்.

"நாப்பத்தோரு நாளு" என்றார், சாவி வாங்கும்போது.
யாருக்கு, என்ன நோய், நான் கேட்கவில்லை.
இன்றைக்கு நாத்தூன் மாற்றுக்கு வந்திருக்கிறாளாம்,
நாளை நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டுமாம்.
வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று வாய்வரை வந்தது.
வீட்டில் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும்:
ஊறப்போட்ட துணி,
குழாயில் வெள்ளம் வருகிற நேரம்,
"இப்ப எப்படி இருக்கு" என்று விசாரிக்க
படியேறுகிற பக்கத்து வீடுகள்.

மறுநாள் விடியல் பிரமாதம்.
அப்படியொரு சூரியன் அந்த மாதமே வரவில்லை.
மாடியில் கைதட்டினார்கள்,
யாரோ அழுதார்கள்கூட.
நான் கீழே, நடைவழியில்.
பழக்கத்தில் நூற்றிநாலின் முன்னால்
கை உயர்ந்துவிட்டது.

உள்ளே குறட்டை.
சாதாரணக் குறட்டையா அது,
பாடு முடிந்து வந்த வள்ளத்தை
எட்டுப் பேர் சேர்ந்து மணலில் இழுக்கிற சத்தம்.

கையை இறக்கினேன்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
படி இறங்கினேன்.

மூன்று மணிக்கு வெளியே வந்தார்,
கன்னத்தில் தலையணைத் தையலின் தடம்.
"கடல் எந்தப் பக்கம்?"
காட்டினேன்.
தெரிந்தவர் வாசலை அவசரத்தில் கடக்கிறவரைப்போல
அந்தத் திசைக்கு ஒருமுறை தலையசைத்துவிட்டு
பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மாதக் கடைசியில் பதிவேடு பார்க்க வந்த ஏட்டு
அந்த வரியில் விரல் வைத்து நின்றார்.
"என்னவே இது?"
பிழை இல்லை சார், அப்படித்தான் என்றேன்.
விரலை எடுக்காமல் இருந்தார்.
முந்தின ராத்திரி அவருக்கும் டூட்டி.